கரையில் சோதித்த ரெகுலேட்டர்கள்

தண்ணீருக்கு அடியில் வேலை செய்பவனுக்கு வேறு எந்தச் சாமான் இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம், ரெகுலேட்டர் இல்லாவிட்டால் மட்டும் முடியாது; அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, கணுக்கால் நனையாதவர்களிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

சந்தனசாமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஐம்பது அடி ஆழத்தில். அவருடைய ரெகுலேட்டர் என் வாயில் இருந்தது. பஸ்ஸில் பக்கத்து ஆளுக்குப் பேப்பரைக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரக் காத்திருப்பவரைப்போல அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி வாயில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் மேலே காட்டினார். நான் மேலே போனேன்.

சந்தனசாமி என் மனைவி பாக்கியத்தின் அண்ணன். கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் இயந்திரம் பார்க்கும் பிட்டர்கள். தோட்டத்துக்குச் சொந்தமாக ஒரு சின்ன அணை இருந்தது. அதன் தண்ணீர் குழாய் வழியே இறங்கி ஒரு சக்கரத்தைச் சுற்றும்; அந்த மின்சாரத்தில் தொழிற்சாலை ஓடும். குழாயின் வாயில் ஒரு கம்பித் தடுப்பு. மேலே உள்ள காய்கறித் தோட்டங்களிலிருந்து வரும் இலை, சாக்கு, கட்டை எல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் அணையைத் திறந்து வடித்துவிட்டுத்தான் சுத்தம் செய்வார்கள். அதற்கு மூன்று நாள் தொழிற்சாலையை நிறுத்த வேண்டும். எழுபதுகளின் நடுவில், எங்களை உள்ளே இறக்கினால் அரை நாளில் முடியும் என்று கண்டுபிடித்தார்கள்.

முதுகில் சிலிண்டர். அதற்குள் அழுத்தி அடைத்த காற்று. அந்த அழுத்தத்தைக் குறைத்து, நீங்கள் மூச்சு இழுக்கும்போது மட்டும், இழுக்கும் அளவுக்குக் காற்றைத் தருவது ரெகுலேட்டர். அதற்கு இருக்கும் வேலை அவ்வளவுதான். லோரி ஓட்டியவர்களே, மின்கம்பம் ஏறியவர்களே, மேலிடம் வாங்கிக் கொடுத்த பிரேக்கையும் பெல்ட்டையும் நம்பி வீடு திரும்பியவர்களே, மற்றதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு குழாய்

முதல் ரெகுலேட்டரைத் துரையே கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போன பிறகும் தோட்ட மேனேஜருக்குத் துரை என்ற பட்டம் போகவில்லை. இவர் ஈப்போ பக்கத்து ஆள். ஏதோ ஒரு தீவுக்கு விடுமுறைக்குப் போய், பவளப் பாறைக்கு நடுவே முக்கால் மணி நேரம் நீந்திவிட்டு வந்திருந்தார். அந்த முக்கால் மணி நேரத்தை எங்களுக்கு ஒரு மத்தியானம் முழுக்கக் கற்பித்தார்.

அவர் வாங்கி வந்தது பழைய மாதிரி. வாயின் இரண்டு பக்கமும் யானைத் துதிக்கை போல இரண்டு மடிப்புக் குழாய், இரண்டும் முதுகுப் பக்கம் போய்ச் சேரும். யாரோ ஊர் மாறிப் போனவரிடமிருந்து வாங்கியது. ரப்பரில் வெடிப்பு. நான் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். "குழாய் பழசா இருக்கே" என்று மெதுவாகச் சொன்னதற்கு, "அதுக்குத்தான் ரெண்டு இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு" என்றார் துரை. நாங்கள் தலையை ஆட்டினோம். துரை சொன்னால் தலை தானாக ஆடும்; தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கழுத்து எலும்பு அப்படி.

அணைக்கரைக்கு வந்ததும் சந்தனசாமி இரண்டு குழாயிலும் மாறி மாறி ஊதிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "மாப்ள, ஒரு குழாய் மூச்சு உள்ள வர்றதுக்கு, இன்னொண்ணு வெளிய போறதுக்கு. இதுல எது போனாலும் பரவாயில்லைன்னு தொர சொல்றாரு."

கிராணியின் நுரையீரல்

ஒரு வருடம் அதை ஒட்டி ஒட்டி ஓட்டிய பிறகு, புதிய மாதிரியில் ஒன்று வாங்க அனுமதி வந்தது. வாங்குகிறவர் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தா. மண்வெட்டியும் உரமும் வாங்குகிற அதே மேசை. பினாங்கிலிருந்து ஒரு விற்பனைக்காரர் ஒரு பெட்டியோடு வந்தார். கிராணி எங்களையும் கூப்பிட்டு, நாற்காலி போடாமல் உட்காரச் சொன்னார்.

எனக்கு அப்போது கொஞ்சம் தெரிந்திருந்தது. பழைய ரெகுலேட்டரோடு வந்த ஆங்கிலக் கையேட்டை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் படித்திருந்தேன். சிலிண்டரில் பொருத்தும் பாகத்துக்குள் சேற்றுத் தண்ணீர் புகக்கூடாது. எங்கள் அணையோ பால் ஊற்றிய டீ நிறம். அதனால் உள்பாகத்தைச் சவ்வு போட்டு மூடிய மாதிரிதான் வேண்டும். இன்னொன்று, ஆழத்தில், சிலிண்டரில் காற்று குறைந்த பிறகும், கையால் கடும் வேலை செய்து மூச்சு வாங்கும்போதும், கேட்ட அளவுக்குக் காற்று வர வேண்டும். மலிவான மாதிரிகள் கரையில் நன்றாகத்தான் தரும். கீழே போய், வேலை செய்து, சிலிண்டர் பாதிக்குக் குறையும்போதுதான் அவற்றின் குணம் தெரியும்.

இதையெல்லாம் சொன்னேன். கிராணி பொறுமையாகக் கேட்டார். பிறகு விற்பனைக்காரரின் பெட்டியிலிருந்து இருப்பதிலேயே மலிவானதை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, வாயில் வைத்து, சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி நான்கு மூச்சு இழுத்தார். கண்ணை மூடிக்கூடப் பார்த்தார். அறையில் இருந்த அனைவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு நல்லா வருதேப்பா. ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் என்ன, நுரையீரல் பெருசா?"

மணக்கும் காற்று

எல்லாக் குற்றத்தையும் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. இது என்னுடையது.

சிலிண்டரில் காற்று அடைக்க ஒரு கம்ப்ரஸர் வந்தது. அதை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். கேமரன் மலையில் ஈரமில்லாத இடம் தேடுவது என்ன பாடு என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். துவைத்த சட்டை மூன்றாம் நாளும் ஈரமாக இருக்கும். தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலிக்கும் அறை ஒன்றுதான் சட்டி போலக் காய்ந்திருக்கும். அங்கே வைத்தேன். மூளையைப் பயன்படுத்திய திருப்தி எனக்கு.

ஆறு மாதத்தில் புது ரெகுலேட்டர் மூச்சு முட்ட ஆரம்பித்தது. கிராணி வாங்கியது அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டோம். பினாங்குக் கடைக்கு அனுப்பினோம். சுத்தம் செய்து திரும்பி வந்தது. மறுபடி முட்டியது. மறுபடி அனுப்பினோம். கீழே காற்று நல்ல வாசனையாக இருக்கும் என்பதைச் சந்தனசாமி பலமுறை சொல்லியிருந்தார். அதைக் கம்ப்ரஸரின் தரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை நானே பஸ் பிடித்துக் கொண்டுபோனேன். கடையின் மெக்கானிக் பினாங்குத் தமிழர். உள்ளே இருக்கும் சின்ன வடிகட்டியைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். பழுப்பாக ஒரு சிட்டிகை விழுந்தது. முகர்ந்து பார்த்தார். கம்ப்ரஸர் எங்கே இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் சொன்னேன்.

"அண்ணே, நல்ல தூளு லா. சுடுதண்ணி கொண்டாரச் சொல்லவா?"

ஆயுத பூஜை

கம்ப்ரஸரை இடம் மாற்றி, வடிகட்டிகளை மாற்றி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. அன்று தொழிற்சாலையில் பொட்டு வைக்காத இரும்பு இருக்காது. உருட்டும் இயந்திரம், அடுப்பு, ஸ்பேனர், துரையின் ஜீப், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ரெகுலேட்டரை மட்டும் விட்டுவிட்டால் அதற்குக் கோபம் வராதா? பூஜை செய்த பண்டாரம் விரல் நிறையச் சந்தனம் எடுத்து அதற்கு அப்பினார். எங்கே அப்ப வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது: முகம் போல இருக்கும் இடத்தில். அங்கேதான் நாம் விடும் மூச்சு வெளியேறும் மெல்லிய ரப்பர் மூடி இருக்கிறது. மூச்சு போனதும் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும்.

சந்தனம் காய்ந்தால் என்ன ஆகும் என்பது நெற்றியில் வைத்துக்கொண்ட எல்லாருக்கும் தெரியும். அந்த மூடி மூடவில்லை. அடுத்த வாரம் இறங்கிய சந்தனசாமி, ஒவ்வொரு மூச்சுக்கும் அரை வாய் அணைத்தண்ணீர் குடித்துவிட்டு இருபதடியிலிருந்து திரும்பி வந்தார். கரையில் உட்கார்ந்து இருமினார். நான் கழற்றிப் பார்த்தேன். பண்டாரத்திடம் போய், இனி இதற்கு மட்டும் பொட்டு வேண்டாம், சும்மா ஆரத்தி காட்டினால் போதும் என்று பணிவாகச் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொட்டு வச்சதுனாலதான்யா இருபதடியிலயே திருப்பி அனுப்பியிருக்கு. வைக்காம உட்ருந்தா ஐம்பதடிக்கு எறங்கிருப்பான்."

நல்லது ஒன்று

எண்பதுகளின் தொடக்கத்தில் துரை மாறினார். புதியவர் படித்த மனிதர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் படித்தார். உள்பாகம் மூடிய, ஆழத்திலும் குறையாத, நல்ல ரெகுலேட்டர் வந்தது. ஒன்று.

இரண்டு கேட்டிருந்தேன். கீழே ஒருவர், கரையில் கயிற்றோடு ஒருவர். கரையில் இருப்பவரும் எந்த நேரமும் இறங்கத் தயாராக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்த வரிக்கு எதிரே கிராணி பென்சிலால் எழுதியிருந்தார்: கரையில் இருப்பவருக்குக் காற்று இலவசம்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம். இறங்குபவருக்கு நல்லது. கரையில் காத்திருப்பவருக்குக் கிராணி சாய்ந்து உட்கார்ந்து இழுத்துப் பார்த்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எனக்கே அந்த விதியில் பெருமை.

பாக்கியம் கொழுந்து எடுக்கப் போகிறவள். இந்தச் சாமான்களை வீட்டில் கழுவித் துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விசாரிப்பாள். ஒருநாள் புதியதை வாங்கி, மழைத்தண்ணீர் பீப்பாய்க்குள் முகத்தை விட்டு மூச்சு இழுத்துப் பார்த்தாள். பிறகு கிராணி வாங்கிய பழையதை. தோட்டத்தில் அந்த இரண்டையும் தண்ணீருக்குள் வைத்துச் சோதித்த மூன்றாவது ஆள் அவள்தான். அண்ணனும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கீழ ஒருத்தர் மாட்டிக்கிட்டா மேல இருக்கிறவரு எதப் போட்டுக்கிட்டு எறங்குவீங்க?" என்றாள்.

"பழசத்தான்."

"கடுமையா வேலை செஞ்சா அதுல மூச்சு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க. காப்பாத்தப் போறவன் சும்மா பாத்துட்டு வரவா போறான்?"

சந்தனசாமி சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "இவள கிராணி ஆக்கியிருந்தா நமக்கு ரெண்டு கெடச்சிருக்கும் மாப்ள. இப்ப குழம்புதான் கெடச்சிருக்கு."

மறுநாள் மறுபடி எழுதிக் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பிறகு மழைக்காலம் வந்தது.

வலை

நான்கு நாள் மழைக்குப் பிறகு கம்பித் தடுப்பு அடைத்துக்கொண்டது. தொழிற்சாலையில் கொழுந்து வதங்கிக் கிடந்தது. சக்கரத்துக்குப் போகும் மதகை மூடிவிட்டுச் சந்தனசாமி இறங்கினார், நல்லதைப் போட்டுக்கொண்டு. நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். ஒரு இழுப்பு என்றால் சரி. மூன்று என்றால் வா.

அரைமணி நேரம் கழித்து மூன்று வந்தது. கயிற்றை இழுத்தேன், வரவில்லை. பழையதை மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடியே இறங்கினேன். காய்கறித் தோட்டத்துக் கொடி ஏற்றும் நைலான் வலை ஒன்று, ஒரு மரக்கட்டையோடு வந்து அவர் கால்களைச் சுற்றியிருந்தது. முன்பக்கம் எட்டியதை எல்லாம் அவரே அறுத்திருந்தார். பின்பக்கம் அவருக்கு எட்டவில்லை. நான் பாராங் கத்தியை எடுத்து அறுக்க ஆரம்பித்தேன்.

அறுத்தால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் கிராணியின் ரெகுலேட்டர், ஈரத் துணியை வாயில் வைத்து உறிஞ்சுவது போலத் தரும். பத்து இழைக்குள் எனக்குக் கண் இருட்டியது. மேலே போகத் திரும்பினேன். சந்தனசாமி என் தோளைப் பிடித்து நிறுத்தி, தன் வாயில் இருந்ததை எடுத்து எனக்குக் கொடுத்தார். இரண்டு மூச்சு இழுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறுத்தேன். ஒரு கால் விடுபட்டது. மறுபடி கண் இருட்டியது. மறுபடி கொடுத்தார். இப்படி நாங்கள் நேருக்கு நேர், ஒரே சிலிண்டரை இரண்டு பேர் காலி செய்துகொண்டிருந்தோம். கடைசி முறை நான் எடுத்தது இரண்டு மூச்சு இல்லை. எத்தனை என்று எண்ணவில்லை. அவர் காத்திருந்தார்.

மேலே போய், பாதி குறைந்த என் சிலிண்டரிலிருந்து பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, கரையில் இருந்த நிரம்பிய சிலிண்டரில் பொருத்திக்கொண்டு திரும்பி இறங்கினேன். இன்னொரு ரெகுலேட்டர் இருந்திருந்தால் அது ஏற்கெனவே அந்தச் சிலிண்டரில் பொருத்தித் தயாராக இருந்திருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது நல்லது அவர் வாயில்தான் இருந்தது. அதன்மேல் குற்றமில்லை. சிலிண்டரில்தான் காற்று இல்லை.

கரையில் கூட்டம். அவரை வெளியே எடுத்துப் போட்ட பிறகு, கங்காணி ஒருவர் என் பக்கம் குனிந்து ஆறுதலாகக் கேட்டார்: "மதகு இப்ப தொறக்கலாமா தம்பி? கொழுந்து வீணாப் போவுது."

உத்தரவு

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தமிழர்தான், மரியாதையானவர். ஸ்டோர் மேசை மேல் நல்லதை வைத்து, புதுச் சிலிண்டரில் பொருத்தி, ஒரு மணி நேரம் சோதித்தார். அருமையாக வேலை செய்தது. சாமான் நல்ல நிலையில் இருந்தது என்று எழுதினார். இவ்வளவு தரமானதைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டார். கிராணி தொண்டையைச் செருமினார். நான் சொல்வதற்கு முன் துரை என்னைக் கைகாட்டினார். அதிகாரி எனக்குக் கை கொடுத்தார்.

பக்கத்து அலமாரியில் இருந்த பழையதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதையும் சோதிங்க சார். அன்னைக்கு நான் போட்டிருந்தது இதத்தான்" என்றேன்.

அவர் அதைத் தொடவில்லை. "செத்தவர் போட்டிருந்ததைச் சோதிக்கத்தான் உத்தரவு. நீங்கதான் உயிரோட இருக்கீங்களே."

பங்கு

எட்டாம் நாள் படையல் முடிந்து உறவுக்காரர்கள் லோரி ஏறிப் போன பிறகு, பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்ட கேள்விதான் அப்படியே நடந்தது என்பதைச் சொன்னேன். கொடுத்து வாங்கி இழுத்ததைச் சொன்னேன். கடைசியில் நான் இரண்டுக்கு மேல் இழுத்ததையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் பாத்திரங்களை அடுக்கி முடித்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். என்னைப் பார்க்காமல், இருபது வருடச் சண்டை ஒன்றைத் தொடர்வதுபோலச் சொன்னாள்: "எங்கண்ணனா? சின்னதுல ஒரு மிட்டாயக்கூட எனக்குப் பாதி குடுத்ததில்ல."

அந்த மாதமே இரண்டாவது நல்ல ரெகுலேட்டர் வந்து சேர்ந்தது. அதைக் கிராணி அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் அணையில் இறங்கவில்லை. மறுபடி மூன்று நாள் தொழிற்சாலையை நிறுத்தித்தான் சுத்தம் செய்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சில வருடங்களில் வெளிமின்சாரம் வந்தது. பாக்கியமும் இப்போது இல்லை. மேலே காட்டை வெட்டி வெட்டி மண் இறங்கியதில் அந்த அணை மேடாகிவிட்டது, இன்று அதில் முழங்கால் அளவுதான் தண்ணீர் நிற்கிறது. கிராணி வாங்கியதே அதற்குத் தாராளம்.